அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பை அதன் கமிஷனர் எப்படி வளர்க்கிறார்?

முதலில் ஒன்று: கமிஷனர் முதலாளி இல்லை. உறுப்புப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள்தான் அவரை நியமிக்கிறார்கள். அவர்களைச் சம்மதிக்க வைப்பதே பாதி வேலை.

எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கமிஷனராக இருந்த ராய் கிராமரைப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில், ஒரு கூட்டமைப்பில் 12 உறுப்பினர்கள் இருந்தால் இரண்டு பிரிவாகப் பிரித்து இறுதிப் போட்டி நடத்தலாம் என்று ஒரு விதி சும்மா கிடந்தது. ஆர்கன்சா, சவுத் கரோலைனா பல்கலைக்கழகங்கள் வந்து 10 பேர் 12 ஆனதும் அதைப் பிடித்துக்கொண்டார். பயிற்சியாளர்களுக்கோ பயம்: கூடுதலாக ஒரு கடினமான ஆட்டம், அதில் தோற்றால் தேசியப் பட்டம் போச்சு!

1992 டிசம்பர், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரம். முதல் இறுதிப் போட்டி. அலபாமா 21, ஃபுளோரிடா 21. கடைசி சில நிமிடங்களில் ஃபுளோரிடா வீசிய பந்தை அலபாமாவின் அன்டோனியோ லாங்ஹாம் இடைமறித்து எல்லைக்கோடு வரை ஓடிப் புள்ளி எடுத்தார். 28-21. அந்த ஒரு பந்து மாறிப் போயிருந்தால் கிராமரின் திட்டத்தை எல்லோரும் திட்டித் தீர்த்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. அப்புறம் அலபாமாவே தேசியப் பட்டமும் வென்றது. மற்ற கூட்டமைப்புகளும் இதே வழிக்கு வந்தன.

பிறகு வந்த கமிஷனர் மைக் ஸ்லைவ் காலத்தில் 2012-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம், மிசூரி பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. 2014-ல் தனி டிவி சேனலே தொடங்கியது.