27 வயதில் பிரஷர் 150/96: எல்லாம் டென்ஷன்தானா?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எட்டு மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். அவர் வாங்கிய கடனும் தங்கை கல்யாணமும் இப்போது என் தலையில். போன வாரம் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் 150/96 என்றார்கள். "எல்லாம் டென்ஷன்தான், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார் மாமா. மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது, டாக்டர்?

பதில்: மாமா சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்குக் கவலை.

முதலில் அந்த 150/96. முகாம்களில் பிரஷர் பார்க்கும் லட்சணம் எனக்குத் தெரியும். வரிசையில் நின்றவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கையில் பட்டையைச் சுற்றி, "எந்த செக்‌ஷன், சாப்பிட்டாச்சா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்ப்பார்கள். பேசினாலே பிரஷர் ஏறும். என் அறையில் சில சமயம் இதைச் செய்தே காட்டுவேன். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து ஒருமுறை பார்ப்பேன். அப்புறம், "கடன் மொத்தம் எவ்வளவு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்ல மறுபடி பார்ப்பேன். மேல் எண் பத்து, பதினைந்து கூடியிருக்கும். காரணம், பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன். இதயம் வேகமெடுக்கும், ரத்தக்குழாய் சுருங்கும். பேச்சு ஓய்ந்ததும் இறங்கிவிடும்.

சிக்கல், இறங்க நேரமே கிடைக்காதபோது. இரவு தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் வரை குறைய வேண்டும். கடனை நினைத்துப் புரண்டுகொண்டிருப்பவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. கூடவே சிகரெட், நள்ளிரவு புரோட்டா, வார இறுதிக் குடி. துயரம் நேரடியாக ஏற்றுவதைவிட, அது கூட்டிவரும் இந்தப் பரிவாரம் ஏற்றுவது அதிகம் என்பது என் அனுபவம்.

அமெரிக்காவில் 1985-86இல் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு 'கார்டியா' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, எதிலும் அவசரமும் பொறுமையின்மையும் உள்ளவர்களுக்கும், பிறர்மேல் பகையுணர்ச்சி மிகுந்தவர்களுக்கும் உயர் ரத்த அழுத்தம் அதிகம் வந்திருந்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் உங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்காக அழுவதில் தப்பே இல்லை, அதை அடக்க வேண்டாம்.

இன்னொன்று. 'ஹைப்பர்டென்ஷன்' என்பதிலுள்ள டென்ஷன் நாம் சொல்லும் டென்ஷன் இல்லை. ரத்தம் குழாய்ச் சுவரில் தரும் அழுத்தத்தைக் குறிப்பது. மனதில் ஒரு கவலையும் இல்லாதவருக்கும் அது வரும். அதனால்தான் மாமாவின் மீதிப் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது வயதுக்குள் பிரஷர் நிஜமாகவே உயர்ந்திருந்தால் சிறுநீரகக் கோளாறு, ஹார்மோன் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பலத்த குறட்டை ஆகியவற்றைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். டென்ஷன் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் தேடுவதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கைக்குச் சிறியதாக இருந்தால் பொய்யாகக் கூட்டிக் காட்டும். டீ, காபி, சிகரெட் எல்லாம் அரைமணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் போனைத் தொடாமல் உட்காருங்கள். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள்.

135/85க்குக் கீழே வந்தால் முகாம் பயம்தான் பெரும்பகுதி. சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் வந்தால் பொதுநல மருத்துவரிடம் போங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை, ஈசிஜி பார்க்கச் சொல்வார். வலி மாத்திரை, ஜிம் பவுடர், எனர்ஜி டிரிங்க் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள், அவையும் ஏற்றும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றே, அப்போதே மருத்துவமனை.

மாத்திரை பற்றி: உப்பு, எடை, தூக்கம், குடி இவற்றைச் சரிசெய்து பிரஷர் இறங்கியவர்களுக்கு அளவைக் குறைத்திருக்கிறேன், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன். நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

அப்பா எதனால் இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மாரடைப்பா, பக்கவாதமா, சிறுநீரகமா? மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் கடனைச் சொல்லும் முன் அதைச் சொல்லுங்கள்.