விடுதியில் சேரும் மகளுக்கு முதலில் பார்க்க வேண்டியவை

ஐயா, மகளைத் தருமபுரியில் கல்லூரி விடுதியில் விடுகிறேன், எதைக் கவனிக்கணும் என்று கேட்டிருந்தீர்கள். பெட்டி படுக்கையைவிடத் தண்ணீர்தான் முக்கியம். நம்ம பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம்; இங்கே வளர்ந்த பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை அதனால்தான். கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்கக் கொடுப்பது ஒகேனக்கல் தண்ணீரா, ஆர்ஓ நீரா என்று வார்டனிடம் நேரிலேயே கேளுங்கள்.

டிசியைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் 5 நகல் எடுத்து வையுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்கணும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காவிட்டால் பணம் ஏறாது.

ராகிங் தொல்லை என்றால் 1800-180-5522, 24 மணி நேரமும் பேசலாம். இந்த எண்ணைப் பாப்பா செல்லில் நீங்களே பதிந்து கொடுங்கள்.