பெட்டி சொல்வதும் மலை சொல்வதும்

கேள்வி: அண்ணா, நான் பாறசாலைக்காரன். அம்மா வீடு நீரோடி. கடல்தொழில் எங்கள் தலைமுறையில் விட்டுப்போயிற்று. நண்பர் ஒருவரோடு சேர்ந்து, கொச்சி மரீனாவில் ஒரு ஐரோப்பியரிடம் 22 அடி பழைய பாய்ப்படகு வாங்கியிருக்கிறேன். ஜனவரியில் விழிஞ்ஞத்திலிருந்து கொளச்சல் வரை போய்வர ஆசை. படகில் சார்ட் பிளாட்டர் (ஜி.பி.எஸ். இடத்தை வரைபடத்தில் காட்டும் திரை) இருக்கிறது, கைப்பேசியில் ஆப்பும் இருக்கிறது. மாமாவோ, "பெட்டி சொல்றத மட்டும் நம்பாத மக்கா, மலையையும் பாரு" என்கிறார். கரை அடையாளங்களை வைத்து இடம் அறியும் கணியம், நட்சத்திரம் எல்லாம் இன்னும் தேவையா? நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் வாங்க வேண்டுமா? காம்பஸ் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: காம்பஸைத் தூக்கிப் போடாதீர்கள். அது கெட்டுப்போகவில்லை, ஊர் மாறி வந்திருக்கிறது. ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்ட அங்கே தென்பக்கம் சிறு எடை வைத்துச் சமன் செய்வார்கள். நம் கரையில் அந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்துக்கு அருகே போகிறது. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். இழுப்பு இல்லாத இடத்தில் அந்த எடை மட்டும் வேலை செய்கிறது, தட்டின் தென்பக்கம் தாழ்கிறது. படகு ஆடும்போது தட்டு கிண்ணத்தில் உரசாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் அதுவே போதும். உரசினால் நம் பகுதிக்குச் சமன் செய்த காம்பஸ் வாங்குங்கள்.

ஆனால் அதன் பக்கத்தில் கைப்பேசியை வைக்காதீர்கள். வீட்டு மேசையிலேயே சோதித்துப் பாருங்கள்: கைப்பேசியின் ஸ்பீக்கர் பக்கத்தை மெல்ல அருகே நகர்த்துங்கள், தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரியும். 60 கடல் மைலுக்கு 1 பாகை தவறினால் 1 கடல் மைல் விலகுவோம் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. விழிஞ்ஞம்-கொளச்சல் சுமார் 20 கடல் மைல். காம்பஸ் 5 பாகை பிசகினால் ஒன்றரை மைலுக்கு மேல் தள்ளிப் போயிருப்பீர்கள்.

இனி பெட்டி. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியே சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்கிறது. 2000 மே வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்தது. அது நீங்கியபின் கடலில் எல்லாமே மாறிவிட்டது. அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த பார்களின் (மீன் கூடும் கடலடிப் பாறைகளின்) இடங்கள் பெட்டிக்குள் எண்களாயின. கைப்பேசியின் ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை. வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தால், டவர் போனபின்பும் வேலை செய்யும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் செயற்கைக்கோள் சிக்னலைக் கலைப்பதாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். உங்கள் பயணத்தில் அதைவிட உப்பையும் பேட்டரியையும் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். நேர்வெயிலில் கைப்பேசி சூடேறித் தானாகவே அணையும். ஈரவிரலுக்குத் தொடுதிரை பணியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டிசம்பர் மாலை, முட்டத்திலிருந்து வடமேற்கே வந்துகொண்டிருந்தேன். சார்ட் பிளாட்டரில் வேகம் 3.4 நாட் (மணிக்கு 3.4 கடல் மைல்). சற்றுக் கழித்துப் பார்த்தேன், 3.4. வரைபடத்தைச் சுருக்கி வைத்திருந்ததால், அந்த வேகத்தில் படகின் குறி நகர்வது எப்படியும் தெரியாது. கரையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதுவரை மலைமுனைக்கு இடப்புறம் நின்ற தேவாலயக் கோபுரம் வலப்புறம் வந்திருந்தது. படகு ஒரு மைலுக்கு மேல் ஓடிவிட்டது, திரை பழைய இடத்திலேயே உறைந்து நின்றது. ஆன்டெனா கேபிளின் முனையைக் கழற்றினேன், உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. பாயில் ஓடும் படகின் உண்மையான வேகம் கடைசி இலக்கத்திலாவது ஆடிக்கொண்டே இருக்கும். ஆடாத எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியதுதான் உங்கள் மாமா சொல்லும் கணியம். விழிஞ்ஞம் பக்கம் கணிச்சம் என்பார்கள். கரையோரத்தில் ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் தொலைவில் இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றால், அவற்றைச் சேர்க்கும் கோட்டின்மேல் நீங்கள் இருக்கிறீர்கள். வேறு திசையில் இன்னொரு ஜோடி சேர்ந்தால், இரு கோடுகளும் வெட்டும் இடம் உங்கள் இடம். முன்னடையாளத்துக்குத் தேவாலயக் கோபுரம், தனிப்பனை, கலங்கரை விளக்கம், இப்போது செல்போன் டவரும் சேர்ந்துகொண்டது. பின்னடையாளத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் முனைகள். நம் கரைக்குக் கிடைத்த கொடை அந்த மலை. கரைக்கு இத்தனை அருகே 1,868 மீட்டர் அகத்தியமலை எழுந்து நிற்பது எல்லாக் கடற்கரைக்கும் வாய்ப்பதில்லை.

இது எவ்வளவு நுட்பமானது என்று ஒரு கணக்குப் போடுவோம். கோபுரத்திலிருந்து 5 கிலோமீட்டர் வெளியே நிற்கிறீர்கள், மலை இன்னும் பல மடங்கு தொலைவில். படகு பக்கவாட்டில் 50 மீட்டர் நகர்ந்தால் போதும், கோபுரம் மலைமுனையை விட்டு ஏறத்தாழ ஒரு முழுநிலவின் அகலத்துக்கு விலகிவிடும். வெறும் கண்ணுக்கே தெரியும். பேட்டரி வேண்டாம், உறைந்துபோகும் பயமும் இல்லை. குறையும் உண்டு. வெயில் ஏறினால் மலை புகைமூட்டத்தில் மங்கும், மேகம் இறங்கினால் மறையும், பனையை வெட்டிவிடுவார்கள். மலை மறைந்த வேளையில் பெட்டி கைகொடுக்கும்.

ஆக, எது தேவை என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றால் மற்றதைச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. முரண்பட்டால் எது சரி என்று தெரியும்வரை பாயைக் குறைத்து, கடல்பக்கம் விலகி நில்லுங்கள். இந்தப் பழக்கம் தெளிந்த பகலில், ஒன்றும் தவறாத நாளில்தான் கைவரும்.

மின்வரைபடத்தின் இன்னொரு பொறி, சுருக்கிப் பார்க்கும்போது பாறை மறைந்துவிடுவது. 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியான வோல்வோ ஓஷன் ரேஸில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கரஹோஸ் பவளத்திட்டில் முழுவேகத்தில் மோதியது. உலகத்தரம் வாய்ந்த மாலுமிகள். திட்டு அவர்களுடைய வரைபடத்தில் இருந்தது, பெரிதாக்கினால் மட்டுமே தெரிந்தது. கொளச்சல், கடியப்பட்டினம், முட்டம் பகுதிகளில் கரையை விட்டு வெளியே பாறைகள் உண்டு. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து பாதை முழுவதையும் பெரிதாக்கி, விரல்விரலாகத் தடவிப் பாருங்கள். டேராடூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம் வெளியிடும் காகித வரைபடம் ஒன்றும் வாங்குங்கள். ஒரே பார்வையில் முழுக்கரையும் தெரிவது காகிதத்தில்தான்.

இடக்குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. 8 பாகை 22.50 கலை (மினிட்) என்பதும், 8 பாகை 22 கலை 50 விகலை (செகண்ட்) என்பதும் ஒன்றல்ல. முன்னதில் தசமம், பின்னதில் விகலை. வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல். துறைமுக வாயிலுக்கு வரும்போது 600 மீட்டர் பிசகினால் அலைத்தடுப்புக் கல்லுக்கு வெளியே நிற்பீர்கள். மாமாவோ நண்பரோ எண் கொடுத்தால், எந்த வடிவில் என்று முதலில் கேளுங்கள்.

வரைபடத்தில் வராத விஷயங்களும் இருக்கின்றன. தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து, வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அந்த மணல் மழைக்கு மழை இடம் மாறும். காற்று முறுகினால் அங்கே ஒதுங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அன்று காலையில் அங்கிருந்து கடலுக்குப் போனவரிடம் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக்கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோது, கண்டெய்னர்கள் மிதந்துவந்து தென்கேரளக் கரைகளில் ஒதுங்கின. அப்படி மிதப்பதைக் கண்ணால் மட்டுமே காண முடியும். ஒருவர் எப்போதும் திரையை விட்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். செக்ஸ்டன்ட் இப்போது வேண்டாம். ஆடும் சிறுபடகில் பழகாத கை அளந்தால் பிழை பல கடல் மைல் வரும், உங்கள் முழுப் பயணமே 20 மைல். நம் கரையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 8 பாகைதான், நீட்டிய கையின் நான்கு விரல் அகலம். பெரும்பாலும் மூட்டத்தில் மறைந்திருக்கும். அந்த விரல்கணக்கை வைத்துத்தான் நம் முன்னோர் ராப்பலகை என்ற சிறுபலகையும் கயிறுமாகப் பெருங்கடலைக் கடந்தார்கள். கற்றுக்கொள்ளத் தகுந்த கலை, ஆனால் நீண்ட பயணத்துக்கு. உங்களுக்கு இப்போது திசை தெரிந்தால் போதும். திருவாதிரைக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகள் ஏறத்தாழ நேர்கிழக்கே உதித்து நேர்மேற்கே மறையும். காம்பஸைச் சோதிக்க அது ஒன்று போதும்.

செக்ஸ்டன்ட்டுக்கு வைத்திருந்த பணத்தில் 7×50 பைனாகுலரும், திசைகோணம் எடுக்கும் கைக்காம்பஸும் வாங்குங்கள். மலையாளியான அபிலாஷ் டோமி 2022 செப்டம்பரில் புறப்பட்டு 2023 ஏப்ரலில் இரண்டாவதாக முடித்த, உலகைத் தனியே சுற்றும் கோல்டன் குளோப் ரேஸில், வழிகாண 1968-ல் கிடைத்த வகைக் கருவிகளைத்தான் பயன்படுத்தலாம். அந்தப் போட்டியிலும் ஆபத்துக்கென்று ஒரு ஜி.பி.எஸ். முத்திரையிட்ட பெட்டியில் படகுக்குள் இருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஜி.பி.எஸ். கேட்கும் கருவி, பேசாது. 2017 ஒக்கிப் புயலில் நம் தூத்தூர், வல்லவிளைக்காரர்கள் எத்தனை பேர் போனார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடல் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன்பின் 2019-ல் வந்த ஜெமினி கருவி, டவர் இல்லாத இடத்திலும் எச்சரிக்கையைப் பெற்றுத் தரும், ஆனால் திருப்பிப் பேச முடியாது. உதவி கேட்க வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ம் சேனல், டவர் இருக்கும்வரை கடலோரக் காவல்படையின் 1554. வெளிநாட்டு நண்பர் சேட்டிலைட் போன் கொடுத்தால் வாங்காதீர்கள், உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம்.

ஜனவரியில் கரையோர நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கி ஓடும். மாமா நீவாடு என்பார். போகும்போது எதிர்ப்பு, திரும்பும்போது தள்ளிவிடும். 4 நாட் வேகத்தில் 5 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் 6 அல்லது 7 ஆகும். வலைக்குக் கட்டிய மிதவை கண்ணில் பட்டால், கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள், ஓட்டம் தெரியும்.

முதல் பயணத்துக்கு நண்பரோடு மாமாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பூவார், பொழியூர், நீரோடி, வல்லவிளை என்று ஒவ்வொரு ஊருக்கு நேரேயும் அவருடைய கணியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கோபுரம், எந்த மலைமுனை என்று நோட்டில் எழுதி, கைக்காம்பஸ் காட்டும் பாகையையும் பெட்டி காட்டும் எண்ணையும் பக்கத்திலேயே குறியுங்கள். முடிந்தால் கரையின் கோட்டோவியம் ஒன்றும் வரையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை உப்புநீரில் கரைந்துவிடும்.