மார்கழிப் பனிக்கே துவாய் கட்டுகிறவன்

கேள்வி: மகன் கார்த்திகைக் கடைசியில் ரொறன்ரோ போகிறான். சொந்தக்காரர் ஒருவரோடு பனி அள்ளுகிற வேலையாம். விடிய மூன்று மணிக்கே வெளியில் நிற்க வேண்டுமாம். இங்கே மார்கழிப் பனிக்கே தலையில் துவாய் கட்டுகிறவன். உடம்பைச் சூடாக வைத்திருக்க என்ன பலகாரம் செய்து கொடுத்துவிடலாம்? குளிர் உடுப்பையும் இங்கேயே வாங்கட்டுமா?
- ஒரு தாய், கரவெட்டி

பதில்: தங்கச்சி, உங்கள் மகன் துவாய் கட்டுகிற அந்த மார்கழியில் எங்கள் ஊர் விடியற்காலை 22, 23 பாகை. அங்கே தை மாத இரவென்றால் சுழியத்துக்குக் கீழே 7 பாகை சாதாரணம். காற்றும் அடித்தால் உடம்பில் படுவது அதைவிட மோசம். அதனால் முதலில் உடுப்புக் கதை, பிறகு பலகாரம்.

இங்கே வாங்காதீர்கள். எங்கள் கடைகளில் தொங்குகிற ஜக்கெற் நுவரெலியா பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் காணும். காசைக் கையில் கொடுத்து விடுங்கள், அங்கே போய் வாங்கட்டும். தோலோடு ஒட்டுகிற உடுப்பு கம்பளியாகவோ பொலியெஸ்டராகவோ இருக்க வேண்டும், பருத்தி கூடவே கூடாது. பனி அள்ளினால் நன்றாக வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்திருந்து, கை ஓய்ந்த நேரம் உடம்பை விறைக்கச் செய்யும். (நான் மகளிடம் போனபோது மருமகனுக்கு அரை டசின் பெனியன் கொண்டுபோனேன். அவர் அதைப் படுக்கும்போதுதான் போட்டார்.) அதற்கு மேலே தடித்த கம்பளி, அதற்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற். சப்பாத்து இறுக்கமாக இருக்கக்கூடாது. இரத்தம் ஓடாத கால்விரல்தான் முதலில் விறைக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் சுழியத்துக்குக் கீழே 28 பாகையைத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். எங்கள் நிறத்துக்குத் தோல் வெளிறுவது சட்டென்று தெரியாது. காதோ விரலோ மரத்துப்போனால் உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது. திரும்ப உறையாத இடத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கலாம். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இனிப் பலகாரம். வேர்க்கொம்பும் மிளகும் சூடு தரும் என்று அள்ளிப் போடாதீர்கள். நாக்குச் சூடு கோட்டுக்கு ஈடாகாது, உறைப்புக் கூடினால் வியர்வைதான் மிச்சம். குளிரில் உழைக்கிற உடம்புக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொழுப்பும் மாப்பொருளும் வேண்டும். அதுவும் கையுறையைக் கழற்றி ஒரே வாயில் போடக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கு எள்ளுப்பாவை விட்டால் வேறில்லை. 100 கிராம் எள்ளில் ஏறத்தாழ 570 கலோரி. எள்ளு 2 சுண்டென்றால் வறுத்த உழுத்தம்மா 1 சுண்டு, இனிப்பு உங்கள் கைக்கணக்கு. உரலில் எண்ணெய் கசியும்வரை இடியுங்கள், மிக்சியில் அந்தப் பதம் வராது. வழக்கத்தைவிடச் சின்ன உருண்டையாகப் பிடியுங்கள். ஈரக்கை பட்டால் கெட்டுவிடும்.

பயற்றம் பணியாரம் வேண்டாம், தேங்காய் காறும். வறுத்த பயற்றம்மாவாகக் கொடுங்கள். தட்டை வடை பெட்டியில் நொறுங்கும், ஆனாலும் கொடுங்கள், அவன் நொறுங்கலையும் தின்பான். புழுக்கொடியல் தும்பு உரிக்க வேண்டியது, வேலை இடத்துக்குச் சரிவராது, வீட்டில் இருந்து சப்பலாம். ஒடியல் மாவும் ஒரு கிலோ வையுங்கள். கூழுக்கு மாவை ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்தால்தான் கசப்புப் போகும் என்று இப்போதே பழக்கிவிடுங்கள். பிளாஸ்கில் மல்லிக்கோப்பி கொண்டுபோகட்டும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள்.

பெட்டியில் உள்ள சாப்பாட்டுச் சாமானை விமான நிலையத்தில் ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மறைத்தால் தண்டம் கட்ட நேரும். இறைச்சி வறுவல் ஆசையை விட்டுவிடுங்கள்.

மோர் மிளகாய் போடுவதென்றால் இந்தக் கிழமையே தொடங்குங்கள். அதற்கு நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும், ஐப்பசி பிறந்தால் முற்றத்தில் பாய் விரிக்க மழை விடாது. எள்ளையும் அதோடு கழுவிக் காயப் போட்டுவிடுங்கள், இடிப்பதை அவன் போகிற கிழமை பார்க்கலாம்.