விட்டதைப் பிடிப்பது

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஃபோர் டி என்ற நாலு இலக்க லாட்டரி எடுக்கும் பழக்கம் உண்டு. முதலில் வாரம் 5 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). இப்போது 100 வெள்ளிக்குக் குறைவதில்லை. இதுவரை 9,000 வெள்ளி போயிருக்கிறது. மனைவிக்குத் தெரியாது. விட்டதைப் பிடித்துவிட்டால் நிறுத்திவிடுவேன். அளவோடு ஆட ஒரு வழி சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

அளவோடு ஆடுவது வேறு, விட்டதைப் பிடிக்க ஆடுவது வேறு. அளவோடு ஆடுகிறவன் சினிமா டிக்கெட்டுக்குக் கொடுத்ததுபோல அந்தக் காசை அங்கேயே மறந்துவிடுவான். உங்களால் 9,000ஐ மறக்க முடியவில்லை.

சரி, கணக்கையே பார்ப்போம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ‘பிக்’ என்ற பந்தய வகையில் ஒரு வெள்ளி வைத்தால் முதல் பரிசு 2,000, அடுத்தது 1,000, மூன்றாவது 490, அப்புறம் பத்து எண்களுக்கு 250, இன்னும் பத்துக்கு 60. பத்தாயிரம் எண்ணையும் எண்ணுக்கு ஒரு வெள்ளி வைத்து நீங்களே எடுத்தாலும் கைக்கு வருவது 6,590தான். பிடிப்பதற்காக வைக்கும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 34 வெள்ளி கரைகிறது. விபத்தில் நசுங்கிய காரின் நம்பரை அதிர்ஷ்ட எண் என்று எழுதிக்கொண்டு வரிசையில் நிற்பவருக்கும் இதே கணக்குதான். ‘ரொம்ப நாளாக வராத நம்பர், இனி வந்தே தீரும்’ என்பார்கள். போன புதன்கிழமை என்ன விழுந்தது என்பது அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்காது.

உங்கள் ஊர் கேசினோவில் ஒரு வேடிக்கை உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய 2010இல் 100 வெள்ளி கட்டணம் வைத்தார்கள், 2019இல் அதை 150 ஆக்கினார்கள். ஆளைத் தடுக்கத்தான். ஆனால் அதையும் கட்டிவிட்டுப் போகிறவன், ஆட உட்காரும்போதே 150 விட்டவனாக உட்காருகிறான். பிடிக்கும் வேலை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

என்னைக் கேட்டால் உங்களுக்கு இப்போதைக்கு அளவு என்பது பூஜ்யம்தான். போனில் ஃபோர் டி எடுக்கும் கணக்கு இருந்தால் மூடுங்கள். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றமான நேஷனல் கவுன்சில் ஆன் பிராப்ளம் கேம்ப்ளிங்கில் விண்ணப்பித்து ஆட்டத்திலிருந்து உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளலாம். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-6-668-668. தெருமுனைக் கடையில் காசு கொடுத்துச் சீட்டு எடுப்பதை அந்த விலக்கு தடுக்காது. அதனால் சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் உங்களைக் கடைக்கு இழுக்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டால் அந்த அவசரத்துக்கு வேலையில்லை. மாதம் கொஞ்சமாகச் சம்பளத்திலேயே அடைத்துக்கொள்ளலாம்.

என் பெரியப்பா தையல்காரர். தமிழ்நாட்டில் லாட்டரி ஓடிய காலத்தில் தினமும் சீட்டு வாங்குவார். விழாத சீட்டுகளைக் கிழிக்க மாட்டார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாகப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, தையல் மெஷினுக்கு அடியில் வைத்திருப்பார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “இது போட்ட முதல்டா. முதலை விட்டுட்டு எந்திரிச்சு வரமுடியுமா?” என்றார்.

2003 ஜனவரியில் அரசு லாட்டரியைத் தடை செய்தது. கொஞ்ச நாள், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் பிடித்திருப்பேன் என்று புலம்பினார். அடுத்த மார்கழியில் ஒரு விடிகாலை, விறகு ஈரமாக இருக்கிறது என்று பெரியம்மா அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். பெரியப்பா திண்ணையில் துண்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. டின் காலியானதும், “தண்ணி காஞ்சிருச்சா?” என்று கேட்டார்.