குவாரிக் குட்டையில் மீன் விடலாமா?

கிருஷ்ணகிரி பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது, மீன் விட்டால் உலோக நஞ்சு தாக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெளிவை நம்பாதீர்கள். மீனைக் கொல்லும் சுரங்கத் தண்ணீரும் பல சமயம் பளிங்காகத்தான் இருக்கும். பைரைட் போன்ற கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அது பாறையிலுள்ள தாமிரம், துத்தநாகம், காட்மியத்தைக் கரைத்து இழுத்துவரும். தாமிரம் நேராகச் செவுளைத் தாக்கும். மீன் உடம்பிலுள்ள சோடியம் கசிந்துபோகும். மென்னீரில், அதாவது கால்சியம் போன்ற உப்புகள் குறைந்த தண்ணீரில், இது இன்னும் மோசம்.

சரி, உங்கள் குவாரி? கிரானைட்டில் பைரைட் பொதுவாகக் குறைவு, அந்தப் பயம் பெரிதில்லை. கரைக்கல்லில், அமிலத் தண்ணீரின் அடையாளமான ஆரஞ்சுத் துருப்படலம் இருக்கிறதா பாருங்கள். அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளை நனையுங்கள். படலம் இருந்தாலோ, தாள் 6.5-க்குக் கீழே காட்டினாலோ, குஞ்சு வாங்கும் முன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுங்கள். எனக்கென்னவோ அந்தச் செங்குத்து ஆழம்தான் கவலை: அடியில் ஆக்சிஜன் குறையும், வலை இழுக்கவும் வழியிருக்காது.