பாலத்துக்கு வெள்ளையடித்தால் போதுமா?

கேள்வி: ஐயா, எங்கள் பக்கத்துப் பழைய பாலத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கைப்பிடிச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் பயம் நியாயமானதம்மா. பாலப் பணியிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் காரை வெடிக்கிறது. ஒருமுறை உப்பனாற்றோரம் ஒரு தூணைச் சுத்தியலால் தட்டினேன். வெற்றுப் பானைச் சத்தம்! கையகலத் துண்டு உதிர்ந்தது, உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்தது. மேலே மழைநீர்க் குழாயெல்லாம் மண் அடைப்பு. இரண்டு ஆள் கூலியில் முடிகிற வேலை. அதற்கும் பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். இன்றும் மனசு ஆறவில்லை.

புதுச்சேரியில் 1962-ல் கட்டிய பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்ததே, நினைவிருக்கிறதா?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். அடிப்பாகத்தைக் கடைசியாகச் சோதித்த தேதி, பழுதுபார்க்க ஒதுக்கிய தொகை, இரண்டையும் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் போட்டோவோடு கொடுங்கள். வெடிப்பின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியும்.